நரிக்குடி பஸ்ஸில் ஒரு கிட்டார்க்காரி

அருப்புக்கோட்டையில் ஏறியவள் கிட்டார் பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய முடி. விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் ஓயாமல் தாளம் போட்டன.

"சர்ச்சுல வாசிப்பீகளா?" என்று கேட்டேன்.

"முன்னாடி வாசிச்சேங்க்கா. அப்புறம் சென்னையில பேண்டு. புதுசு புதுசா என்னென்னமோ வாசிச்சுப் பாத்தோம். மூணு ஆல்பம் போட்டோம். போன வாரம் கலைச்சுட்டோம். வீட்டுக்குப் போறேன்."

ஒரு இயர்போனை என் காதில் வைத்தாள். தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் சத்தம்; அதற்கு அடியில் அவள் குரல். விசித்திரமாக இருந்தது, ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "திருச்சுழிக்குத்தான டிக்கெட் எடுத்தீக? அது போயி ரொம்ப நேரமாச்சும்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க பாட்டக் கேட்டுப் பாதியில எந்திரிச்சுப் போனவுகதான் நெறைய. எறங்க மறந்தது நீங்க ஒருத்தருதாங்க்கா."

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருக்கலாம். நரிக்குடி வரை மீதியையும் கேட்டுக்கொண்டே போனேன்.