ஏட்டய்யா விரலில் மை

தேர்தல் வேலைக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் எனக்குக் கேலி ஓயாது. "பத்து விரல்லயும் மையா இருக்குது. பத்து ஓட்டும் நீயே போட்டுட்டியா?" என்பார் நைனா. வாக்காளர் விரலில் மை வைப்பதுதான் எனக்குக் கொடுக்கும் வேலை. குச்சியை எவ்வளவு பதமாகப் பிடித்தாலும் பாதி மை என் கையில்தான் ஒட்டும். எண்பதுகளில் செஞ்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது இப்படிப் பல வாக்குச் சாவடிகள் பார்த்தேன். அவற்றில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

சிங்கவரம் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சாவடி 'பதற்றமான சாவடி' என்று பட்டியலில் இருந்தது. முந்தைய தேர்தலில் எவனோ ஒருவன் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கிணற்றில் போட்டுவிட்டானாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் இந்த முறை எங்களோடு ஒரு ஏட்டையும் இரண்டு போலீஸ்காரர்களையும் அனுப்பியிருந்தார்கள். ஏட்டுக்கு அரை முகத்துக்கு மீசை. பள்ளிக்கூட வாசலில் லத்தியோடு கால் அகட்டி நின்றார். பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். ஓட்டுப் போட ஆள் வரவில்லை. எட்டு மணிக்குத் திறந்த சாவடியில் பத்து மணிவரை ஈ காக்கை இல்லை. சாவடித் தலைமை அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தூங்கும்போதும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிற மனிதர். நான் ஜன்னல் வழியே ராஜகிரி மலை மேல் வெயில் ஏறுவதைப் பார்த்துக் கொட்டாவி விட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் வந்தாள். நகக் கண்ணில் கொல்லை மண். வாசலைத் தாண்டும்போது ஏட்டைப் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டமாக வந்தாள். பெயரைச் சரிபார்த்து என் மேசைக்கு அனுப்பினார்கள். இடது கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சீட்டு குடு டீச்சர். மை வேணாம்."

"மை வைக்காம சீட்டு தர முடியாதும்மா."

"போன வாட்டி என் ஓட்டு கெணத்துக்குள்ள போயிடுச்சு. இந்த வாட்டியாவது பொட்டிக்குள்ள போவணும் டீச்சர். மை மட்டும் வேணாம்."

எனக்கு முன்கோபம் அதிகம். மை என்ன தேளா, கொட்டிவிடுமா என்று கேட்டுவிட்டேன். அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

பெட்டி கிணற்றில் விழுந்த அன்று மத்தியானம் லாரியில் வெளியூர்ப் போலீஸ் வந்திருக்கிறது. யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. மை இருந்தால் சாவடிக்கு வந்தவன், சாவடிக்கு வந்தவன் கலாட்டா செய்தவன் என்று முடிவுகட்டி, விரலில் மை இருந்த ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். இவள் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு வந்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிய மகராசன் ஓட்டே போடாததால் விரல் சுத்தம். லாரி கிளம்பும்வரை டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தானாம்.

"மையோட வந்தா வாசப்படி ஏறாதன்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டாரு. விரலப் பாத்துப் பாத்து ஏத்துனதே இந்த மீசக்காரருதான். அவரையே கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்களே, இன்னா நியாயம்?"

நான் தலைமை அலுவலரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார். மை இல்லாமல் சீட்டு இல்லை. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஏம்மா வம்பு" என்று அலுவலர் சொல்லச் சொல்ல எழுந்து வாசலுக்குப் போனேன்.

"ஏட்டய்யா, போன தேர்தல்ல இங்க லாரில வந்தது நீங்கதானா?"

மீசை சற்றுத் தொங்கியது. "நான்தான் டீச்சரம்மா. மேல இருந்து சொன்னாங்க, செஞ்சேன். பொட்டியத் தூக்கினவன் எவன்னு தெரிஞ்சிருந்தா அவன ஏத்தியிருக்க மாட்டேனா?"

"நீங்க இங்க நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வர மாட்டாங்க."

"நான் நவுந்து, ஏதாச்சும் ஆயிட்டா என் வேல போயிடுமே."

ஏட்டு உள்ளே திரும்பி என் மேசையில் இருந்த மைப் புட்டியைப் பார்த்தார். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தேர்தல் வேலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சான்று. "எனக்கும் இந்தத் தொகுதியிலதான் ஓட்டு. இங்கயே போடலாமா?"

உள்ளே அலுவலர் விதிப் புத்தகத்தை ஒருமுறைக்கு இருமுறை புரட்டினார். போடலாம் என்றுதான் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் விரலை நீட்டினார். நகத்திலிருந்து கணுவரை தாராளமாக வைத்தேன். அவர் ஓட்டைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய், லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்குங்க! மை வச்சவனப் புடிக்கிறதுன்னா மொதல்ல என்னத்தான் புடிக்கணும்!"

விரலைத் தெருவின் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு எதிர் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "லாரி எப்ப ஏட்டய்யா வரும்?"

வேலி முழுக்கச் சிரித்தது. அத்தனை பேர் அங்கே ஒளிந்திருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஆறு பேர். மூன்று மணிக்கு வரிசை கிணறுவரை நீண்டுவிட்டது. என் கையெல்லாம் மை. சாப்பிடக்கூட நேரமில்லை, பசியும் தெரியவில்லை. ஆனால் காலையில் வந்த அம்மாளை மட்டும் காணோம். ஒவ்வொரு கையைப் பிடிக்கும்போதும் நிமிர்ந்து பார்த்து ஏமாந்தேன்.

மூடுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். முன்னால் அவள் வீட்டுக்காரர். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. வாசலில் ஏட்டுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

"போன வாட்டி தப்பு நடந்துபோச்சுங்க," என்றார் ஏட்டு.

வீட்டுக்காரர் துண்டைச் சரிசெய்துகொண்டார். நேராக என்னிடம் வந்து விரலை நீட்டினார். "நல்லா வை டீச்சர். சீக்கிரம் அழியக் கூடாது," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அவள். சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். "உள்ள போயிடுச்சா டீச்சர்?"

"போயிடுச்சும்மா."

பெட்டிக்கு அரக்கு வைத்து, வேனில் ஏற்றிக் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் அந்தக் கிணறு. கிணற்றைச் சுற்றி ஊர்ப் பெண்கள் கைகோத்து நின்றிருந்தார்கள். வேனுக்குப் பக்கத்தில் துண்டுக்காரர் ஒரு கம்போடு நடந்து வந்தார். கிணற்றைத் தாண்டும்வரை யாரும் அசையவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏட்டு மை விரலால் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இன்னிக்குப் போலீசுக்கு இங்க வேலையே இல்ல டீச்சரம்மா."