சாரலில் ஊறிய கதவு

இதைப் பற்றி என் தங்கையிடம்கூட நான் பேசியதில்லை.

தென்காசியில் அப்பா நாற்பது வருடம் குடியிருந்த வாடகை வீடு அது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றச் சொன்னேன்.

"கூடவே குடியிருந்த பிள்ளைக்குத்தான் அந்த உரிமை தம்பி. யாரு இருந்தது?" என்று கேட்டார் வீட்டுக்கார அண்ணாச்சி.

"நான்தான்" என்றேன்.

நான் இருந்தது சென்னையில். ரேஷன் கார்டில் மட்டும் என் பெயர் இருந்தது. குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு உள்வாடகைக்கு விடலாம் என்று எனக்கு ஆசை. கணவனை இழந்து வந்து, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை செல்விக்குப் போக வேறு இடமில்லை. ஆனாலும் அவள் அண்ணாச்சிக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்க அண்ணாச்சி எழுந்தார். நான் முந்திப் போய்ப் பின்கதவைத் தள்ளினேன். சாரலில் ஊறிப் பருத்த கதவு, தோளால் இடித்தும் அசையவில்லை. செல்வி வந்து, அடியில் கால்விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினாள். திறந்துகொண்டது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"அண்ணன் இங்கனதான் இருந்தான் அண்ணாச்சி. இந்தப் பக்கம் வரமாட்டான், அதான்" என்றாள் செல்வி அவசரமாக.

எனக்காகப் பொய் சொல்லும்போதும் அவள் கால் அந்தக் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அவ பேருக்கே எழுதுங்க அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் சாட்சிக் கையெழுத்துக்கு அவர் என்னையே கூப்பிட்டார். நேற்றுப் பொய் சொன்னவன் இன்று சாட்சி போடலாமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.