மதகுச் சாவியும் அமெரிக்க அதிபரும்

இன்று காலை ஏரி மதகில் ஒரே கூச்சல்.

பாசனச் சங்கத் தலைவரின் பயிர் வாடுகிறது, உடனே தண்ணீர் வேண்டும். இரண்டு ஊருக்குப் பொதுவான ஏரி; இரண்டும் கூடி ஒப்புக்கொண்டால்தான் மதகைத் திறக்கலாம். சாவி, தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி முனியம்மாவிடம்.

“அமெரிக்க அதிபரு யாரையும் கேக்காம வெளிநாட்டுல குண்டு போடறாரு, சொந்த ஊர்லயே மிலிட்டரிய எறக்கறாரு. நான் ஒரு மதகத் தொறக்க கூட்டம் போடணுமா?” என்று கத்தினார் தலைவர்.

முனியம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அங்க அவர கேக்க ஆளு இல்ல போல கீது, நைனா. இங்க நான் கீறேன். ரெண்டு ஊரும் வந்து கைய தூக்கட்டும்.”

முணுமுணுத்தபடியே தலைவர் எல்லோருக்கும் போன் போட்டார். மதியம் கைகள் உயர்ந்தன, மதகு திறந்தது.

உங்களில் யாருக்காவது வாஷிங்டனில் ஆள் பழக்கம் இருந்தால் சொல்லுங்கள், அங்கே அவசரமாக ஒரு நீர்க்கட்டி தேவை. முனியம்மாவை மட்டும் கேட்காதீர்கள், விடமாட்டோம்.