படுத்தால் போய்விடும் தலைவலி

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில் நடந்தது இது. என் தம்பி மனைவிக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லை. அதனால் பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாத்தனாரான நான் ஏற்றேன்.

ஆஸ்பத்திரியில் படுத்தே இருந்தாள். வீட்டுக்கு வந்து உட்கார வைத்ததும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பால் கொடுக்கக்கூட உட்கார மாட்டாள். படுக்க வைத்தால் ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்து, குழந்தையிடம் சிரித்துப் பேசுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் கதவு ஓரம் நின்று வேவு பார்த்தேன். எழுந்தால் வலி, படுத்தால் இல்லை. ஒருமுறைகூட மாறவில்லை.

"நடிக்கிறாடா. அவங்க அப்பா வூட்டுக்கே அனுப்பிடு" என்றேன் தம்பியிடம். அவனும் அவளுடைய தகரப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அப்படியே அவள் அப்பா வீட்டில் விட்டுவிடுவதாக ஏற்பாடு.

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு, நான் முதலில் உள்ளே போனேன். புகார் சொல்லத்தான்.

"எழுந்தா வலிக்குதாம், படுத்தா போயிடுதாம். இது இன்னா தலைவலி டாக்டரம்மா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்ட இடத்தில் தண்டுவட நீர் கசிகிறது, மூளையைத் தாங்கும் நீர் குறைந்தால் இப்படித்தான் வலிக்கும் என்றார். "தண்ணி எவ்ளோ குடுக்கறீங்க?"

பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நிறையத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வையுங்கள், சரியாகிவிடும் என்றார். பிறகு அவளைப் பரிசோதிக்கும்போது, "உன் நாத்தனார் நல்லா கவனிச்சு சொன்னாங்கம்மா" என்றார்.

பெட்டியோடு வீட்டுக்கே திரும்பினோம். பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "நீங்க பாத்து சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அண்ணி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாளில் குணமாகிவிட்டாள். நான் எதற்காக வேவு பார்த்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. யாரையாவது நடிக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தால், அவள் சொன்ன அந்த நன்றிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.