கந்தசஷ்டியில் வென்ற வாத்து

எங்கள் வீட்டில் கந்தசஷ்டி ஆறு நாளும் ஒரு முட்டை கூட வாசற்படி தாண்டாது. அதில் நாலாம் நாள், முழு வாத்து ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நான் வீட்டுக்குள் ஓடினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எல்லாம் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பியான அவர் ஊரிலிருந்து டென்மார்க்கில் நாங்கள் இருந்த ரண்டர்ஸ் நகரத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் பரிசுச் சீட்டான லொட்டோ ரிக்கற் எடுப்பார். அம்மா கண்டால் ஏசுவார்.

“யாழ்ப்பாணத்து ஆக்கள் உழைச்சுத்தான் சாப்பிடுவினம். அதிர்ஷ்டத்தைப் பாத்துக்கொண்டு இருக்கமாட்டினம்.”

“சும்மா இரு அக்கா. ஊரிலை சுவீப் ரிக்கற் விக்கிறவன் வந்தால் முதல் ஆளா ஓடினது எங்கட அப்பாதானே,” என்பார் மாமா. அம்மாவுக்கு மட்டும் அது ஞாபகமே இராது.

அந்தச் சனிக்கிழமை, நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு மாமா என்னைக் கூட்டிப்போனது விளையாட்டு மண்டபத்தில் நடந்த பாங்கோவுக்கு. மேடையில் ஒருவர் குலுக்கி எடுத்த எண்ணை வாசிப்பார். நம் அட்டையில் அது இருந்தால் மூடவேண்டும். அட்டை நிறைந்ததும் “பாங்கோ” என்று கத்தவேண்டும். பரிசு, நத்தார்ப் பண்டிகைக்கு டேனிஷ்காரர் சமைக்கும் வாத்து.

“நீ ராசிக்காரி. அதுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்,” என்றார் மாமா. நான் பூரித்துப்போனேன்.

பக்கத்தில் இருந்த டேனிஷ் கிழவர், தமிழர் மிக அமைதியான சனம் என்று என்னைப் பாராட்டினார்.

டேனிஷில் ஐம்பத்தேழு என்றால் ஏழைத்தான் முதலில் சொல்வார்கள். பின்னால் வரும் ஐம்பதுக்கோ யாருக்கும் விளங்காத ஒரு பழைய கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் மாமா என் பக்கம் குனிந்து, “என்ன சொன்னவர்?” என்று கேட்டார். மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. நான் தமிழில் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவர் விரல் அட்டையில் பாய்ந்தது. கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிச்சம். என் கால்கள் மேசைக்கடியில் நிலைகொள்ளவில்லை.

“எழுபத்தாறு, மாமா! எழுபத்தாறு!”

மாமா எழும்பவில்லை. “நீ கத்து பிள்ளை, கத்து!”

கதிரையில் ஏறி நின்று நான் கத்திய கத்தில் கிழவரின் கோப்பி சிந்தியது. மண்டபமே கைதட்டியது. வீடு வரைக்கும் அந்த வாத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அம்மா விபூதி நெற்றியோடு வாசலில் நின்றார். “விரத நாளிலை சூதாடிப்போட்டு, செத்த வாத்தோடை வாறியோ?” என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். மாமா தலை குனிந்து நின்றார். அவரைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

“அம்மா, மாமாவை ஏசாதேங்கோ! பாவம், அவருக்குக் காது கேக்கிறேல்லை. ஒரு நம்பரும் கேக்கேல்லை. எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார். பிறகு அம்மா வாத்தை என்னிடமிருந்து வாங்கி, பல்கனிக் குளிரில் கொண்டுபோய் வைத்தார்.

“விரதம் முடியட்டும், கறி வைப்பம்,” என்றார் திரும்பி வந்து. பிறகு மெதுவாக, “சாப்பிட்டனியோ தம்பி?”

நான் துள்ளிக் குதித்தேன். வாத்தின் பருமனைக் கண்டுதான் அம்மாவின் கோபம் அடங்கியது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. இவ்வளவு அக்கறையாக விசாரித்த அம்மா, மாமாவை ஏன் ஒரு தரமாவது காது டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை?