ஒரே பையன்தான் என்றார்கள்

கொரோனா கெடுபிடி ஓய்ந்து, எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டிருந்த வருடம். நான் அப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். புதன்கிழமை மட்டும் செஞ்சிக்கு அனுப்புவார்கள். கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஒரு கிளினிக் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலைப்பாறையின் அனல் உள்ளே வரும், மூடினால் மூச்சு முட்டும். பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நான் மரபணு ஆலோசகர். குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய்களைப் பற்றிப் பேசுவது என் வேலை. ஊசி போட மாட்டேன், மருந்து எழுத மாட்டேன். கேள்விதான் கேட்பேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா? உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? சின்ன வயதில் யாராவது இறந்தார்களா, எதனால்? முன்பின் தெரியாத ஒருத்தி இதையெல்லாம் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இன்ஷூரன்ஸ் ஆள் என்று சிலர் நினைத்தார்கள். சொத்துத் தகராறுக்கு வக்கீல் அனுப்பியிருப்பாரோ என்று ஒருவர் நினைத்தார். ஒரு அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "நீ கல்யாண புரோக்கராம்மா?"

பழகிப் பழகி எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பதில் சொல்லும் முன் கணவன் முகத்தைப் பார்க்கும் மனைவி, கேள்வி முடியும் முன்பே "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லும் ஆண் என்று ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொள்வேன்.

அப்படி ஒரு புதன்கிழமை ஒரு குடும்பம் வந்தது. அப்பா திண்டிவனம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அம்மா, கூட இருபது வயதுப் பையன். பையனுக்குக் கை நடுக்கம், பேச்சு குழறல். பட்டறையில் கையிலிருந்து கம்பியைத் தவறவிட, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அப்பா அடித்திருக்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை. கடைசியில் எங்கள் மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவன் கண்ணைப் பரிசோதித்து, கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் இருப்பதைப் பார்த்தார். உடம்பை விட்டு வெளியேற வேண்டிய செம்புச் சத்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிற நோய் அது. பரம்பரையாக வருவது. மருந்து இருக்கிறது, ஆனால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

இந்த நோயில் எனக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான். கூடப் பிறந்தவர்கள் உண்டா? ஒரு பிள்ளைக்கு இருந்தால் இன்னொரு பிள்ளைக்கும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். முன்பே கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்தால் மற்றவர்களைப் போல வாழலாம். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

"ஒரே பையன்தான் மேடம்" என்றார் அப்பா.

அம்மா தரையைப் பார்த்தார்.

பையனிடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவன் கஷ்டப்பட்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னான்: "காலைல அக்கா குடுக்கும். ராத்திரி அம்மா."

அம்மா அவசரமாகச் சொன்னார், "பக்கத்து வூட்டுப் பொண்ணு மேடம். அக்கா, அக்கான்னு கூப்புடுவான்."

பக்கத்து வீட்டுப் பெண் தினமும் காலையில் வந்து மாத்திரை கொடுக்கிறாளா? அன்று பஸ்ஸில் திரும்பும்போது அதே நினைப்புதான். ஒரு பெண் இருக்கிறாள், அவளை ஏன் மறைக்கிறார்கள்? வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட மகளைத் தலைமுழுகியவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் இவள் வீட்டில்தானே இருக்கிறாள்? அடைத்து வைத்திருக்கிறார்களா? அந்த அப்பாவின் கனத்த கைகள் ஞாபகத்துக்கு வந்தன. மகனை அப்படி அடித்தவர்தானே என்று நினைத்தேன். அதற்கு மேல் என் மனம் போன இடங்களை இங்கே எழுத வேண்டாம்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அப்பா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா மெதுவாகக் கேட்டார், "பொம்பளப் புள்ளைங்களுக்கும் வருமா மேடம் இது?"

"யாருக்கும் வரலாம்மா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அதற்குள் அப்பா படியேறி வந்துவிட்டார். நான் துணிந்து பேசினேன். "நீங்க ஒரே பையன்னு சொல்லிட்டீங்க, சரி. உங்களுக்கு ஒரு பொண்ணும் இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா சொல்லுவேன்னா, உடனே டெஸ்ட் எடுத்துக்கோன்னு சொல்லுவேன். உடம்புல ஒண்ணும் தெரியலைன்னாலும்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "உங்கள யார் மேடம் அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பலையே."

"தெரியும் மேடம். எல்லாம் தெரியும்." பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

யார் அனுப்பியது என்று அவர் ஏன் கேட்டார் என்பது அடுத்த வாரம்தான் லேசாகப் புரிந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். சர்க்கரை வியாதி பற்றிக் கேட்க வந்ததாகச் சொன்னார். ஆனால் சர்க்கரை பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. சுற்றிச் சுற்றி, "வெல்டிங் பட்டறைக்காரர் வூட்டுல இருந்து வந்தாங்களா? அந்தப் பையனுக்கு இன்னா வியாதி?" என்பதிலேயே வந்து நின்றார்.

இங்கே யார் வருகிறார்கள், வரவில்லை என்பதைக்கூட நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். அவர் விடவில்லை. "வேலைக்காக பெங்களூர் போயிருக்கான்னு எங்ககிட்ட சொன்னாங்க. நான் அவனை இங்க பஸ் ஸ்டாண்டுல பாத்தேம்மா. டீ கிளாஸ் கைல நிக்கல. அந்தப் பொண்ணுக்கும் இது வருமா? அத மட்டும் சொல்லேன்."

அந்தப் பொண்ணு. ஆக, ஒரு பெண் இருக்கிறாள், கல்யாணம் பேசியிருக்கிறார்கள், இவர் மாப்பிள்ளை வீடு. உளவு பார்க்க வந்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை விட்டால் கல்யாணம் நின்றுவிடும். அந்தக் குடும்பம் இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காது. சொல்ல முடியாது என்று எழுந்துவிட்டேன்.

மறுவாரமும் வந்தார். இந்த முறை தன் தம்பியைப் பற்றிப் பேசினார். அவனுக்கும் வாலிப வயதில் இப்படித்தான் கை ஆடியதாம், வாய் குழறியதாம், வயிறு வீங்கிச் செத்துப்போனானாம். சொல்லும்போதே அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். ஆனால் உள்ளுக்குள், இதுவும் என் வாயைக் கிளறுகிற வித்தையோ என்றுதான் நினைத்தேன். "உங்க தம்பிக்கு வந்தது இன்னான்னு இப்போ உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த மாதிரி நோய்கள்ல சிலதுக்கு இன்னைக்கு மருந்து இருக்கு. முன்னாடியே கண்டுபிடிச்சா ஆளைக் காப்பாத்திடலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார்.

அதற்கடுத்த புதன்கிழமை காலை, கிளினிக்கைத் திறந்து ஃபேன் போட்டிருப்பேன், படியில் திடுதிடுவென்று சத்தம். வெல்டிங் பட்டறைக்காரர். தலையில் இருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சொல்ட்டியாம்மா? நிம்மதியா இப்ப? என் பொண்ணு வாழ்க்கைல மண்ண வாரிப் போட்டுட்டியே!"

காத்திருந்த இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தச் சத்தத்திலும் காதில் ஒன்று விழத்தான் செய்தது. என் பொண்ணு என்றார். முதல் முறையாகத் தனக்கு ஒரு பெண் இருப்பதை அந்த மனிதர் சொல்லியிருந்தார்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல, சார்."

"அப்புறம் எப்படித் தெரியும் மாப்ள வூட்டுக்கு? காலைல வூட்டுக்கு வந்து, கல்யாணம் அப்புறம் இருக்கட்டும், மொதல்ல பொண்ணுக்கு டெஸ்ட் எடுன்றாங்க. நீ சொல்லாம எப்படி?"

நான் பதில் சொல்வதற்குள் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார், என்னிடம் உளவு பார்க்க வந்த அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மா. பின்னாலேயே பையனின் தாய். அவர் பின்னால் ஒல்லியாக, வெளுத்த முகத்தோடு ஒரு பெண். அவள்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

"அண்ணே, நிறுத்து. இந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு தரம் வந்து கேட்டேன், வாயே தொறக்கல." என்னைக் காட்டிச் சொன்னவர் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "என் தம்பிய மறந்துட்டியா? உன் சித்தப்பன் மவன்தானே? குடிச்சே செத்தான்னு ஊரே சொல்லுச்சு. நீயும்தான் சொன்ன. அவன் ஒரு நாளும் குடிச்சதில்லண்ணே. உன் பையன் கைய பஸ் ஸ்டாண்டுல பாத்தப்போ எனக்கு அவன் கைதான் தெரிஞ்சுது."

அந்த மனிதர் ஹெல்மெட்டோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் மறைக்காமல் சொன்னார். "மொதல்ல கல்யாணத்த நிறுத்தலாம்னுதாம்மா உன்கிட்ட வந்தேன். பொய் சொல்லல. மருந்து இருக்குதுன்னு நீ சொன்ன பாரு, அதுக்கப்புறம் தூக்கமே வரல. என் தம்பிக்கு அத சொல்ல ஆளில்ல. இந்தப் புள்ளைக்கு சொல்ல ஆள் இருந்தும் நான் சும்மா இருந்தா?"

அவருடைய அழுகை நிஜம். நான்தான் நம்பாமல் இருந்திருக்கிறேன்.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். பையனுக்கு நோய் என்று தெரிந்தால் பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள் என்று பயந்தாராம். மாப்பிள்ளை வீட்டார்தான் என்னை வைத்து விசாரிக்கிறார்கள் என்று நினைத்தாராம். கல்யாணம் முடிகிற வரைக்கும் தாக்குப்பிடித்துவிடலாம் என்று இருந்தாராம். நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் யோசித்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே பையன்னு சொன்னாங்களாமே?" என்று சிரித்தாள். "போவட்டும் விடுங்க. ரத்தம் எங்க எடுக்கணும்?"

ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் பார்த்தோம். முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது. கை நடுங்கவில்லை, பேச்சு குழறவில்லை, ஆனால் ஈரலில் செம்பு சேர ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் மென்று முழுங்காமல் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் தம்பியின் நிலைமை அவளுக்கு வராது என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் முன்னாடி போயி விழுந்ததாலதான் மேடம் எனக்குப் பள்ளம் தெரிஞ்சுது" என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படியில் உட்கார்ந்து அவர் அழுவது உள்ளே வரை கேட்டது.

அதன் பிறகு கல்யாணப் பேச்சை அவளே எடுத்தாள். தன் உடம்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் தானே எல்லாம் சொன்னாள். அவரும் டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றி நான் சொல்ல முடியும் என்றேன். அவர் மறுக்கவில்லை. நல்லவேளை, அவரிடம் அந்தக் குறை இல்லை. மாத்திரை உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் அம்மாதான். என் இலையில் அவரே இன்னொரு வடையை எடுத்து வைத்தார்.

தம்பிக்கு முழுசாகச் சரியாகவில்லை. நடுக்கம் குறைந்திருக்கிறது, பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. வெல்டிங் பிடிக்க முடியாது, பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறான். மகனை அடித்த தன் கையை அந்த அப்பா இன்னும் மன்னிக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது நான் வாய் திறக்காதது சரிதான். இன்று கேட்டாலும் திறக்க மாட்டேன். மாறியது வேறு. இன்றும் என் எதிரில் உட்கார்ந்து யாராவது பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் இவர்கள் என்ன தப்பு செய்துவிட்டு மறைக்கிறார்கள் என்று யோசிப்பேன். இப்போது, யாரைக் காப்பாற்ற நினைத்து இந்தப் பொய்யைச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.