சாட்சியின் தொழில்

கள்ளக் கையெழுத்தில் எனக்குச் சின்ன வயதிலேயே தேர்ச்சி. அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நன்றாகப் போடுவேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கலைத்தார்கள். ரொறன்ரோ வந்த பிறகு, 1986இல், பெரியவர்களுக்கான பகல் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். படிப்பதற்கு அல்ல. குளிருக்கு அங்கே ஹீற்றர் நன்றாக வேலை செய்தது.

ஒருநாள் சரித்திர ரீச்சர், ஐரோப்பாவின் மத்திய காலத்து மடங்களைப் பற்றிச் சொன்னார். அரசன் கொடுத்த காணிக்கு உறுதிப் பத்திரம் எரிந்து போனால், துறவிகளே புதிதாக ஒன்றை எழுதி, செத்துப்போன அரசனின் முத்திரையையும் குத்திவிடுவார்களாம். காணி உண்மை, உறுதிதான் கள்ளம். எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மோர்னிங்சைட்டில் என்னோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த அண்ணையிடம் அன்றே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர். மனைவி தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட விவாகப் பத்திரம் வேண்டும். ஊரில் மாதா கோயிலோடு கலியாணப் பதிவுப் புத்தகமும் எரிந்துவிட்டது.

"உங்கட சுவாமிமாரே செய்திருக்கினம் அண்ணை. நான் செய்தா மட்டும் குற்றமோ?"

"விளையாடாதை. உது அவளின்ர உயிர்."

"ஆர் விளையாடினது?"

நான்தான் விளையாடினேன். தாளைத் தேநீரில் நனைத்து அயன் பண்ணினேன். அழிறப்பரில் கோயில் முத்திரையை வெட்டினேன். அண்ணை சொல்லச் சொல்ல, வயதான பங்குச் சுவாமி ஒருவரின் நடுங்கும் எழுத்தில் தமிழில் எழுதினேன். கலியாணத்துக்குச் சாட்சி, மனைவியின் தமையன். பிறகு கடலில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவர். அவர் கள்ளுக் குடித்துவிட்டு அடித்த கூத்துகளைச் சொல்லி அண்ணையே என்னைச் சிரிக்க வைத்திருக்கிறார். அதனால் தொழில் என்ற இடத்தில், 'கள்ளுக் குடித்தல்' என்று எழுதிவிட்டேன். அண்ணை வாசித்துவிட்டு முதுகில் ஒன்று போடுவார், வேறொன்று எழுதலாம் என்று நினைத்தேன்.

அண்ணை முத்திரையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கீழே வாசிக்காமலே மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். சொல்லவில்லை. வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியவா போகிறது?

மிசிசாகாவில் குடிவரவு விசாரணை. துணைக்கு அண்ணை என்னையும் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க ஒரு தமிழ் அன்ரி வருவார் என்று நான் யோசித்திருக்கவில்லை. அவர் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, பத்திரத்தை வரி வரியாக இங்கிலீசில் சொல்லிக்கொண்டு போனார். கடைசி வரியில் நின்றார்.

"தம்பி, சாட்சியின்ர தொழில் எண்டு கள்ளுக் குடித்தல் எண்டெல்லோ கிடக்கு?" என்று அண்ணையிடம் மெல்லக் கேட்டார்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்த கையை மட்டும் இறுக்கிப் பொத்தினார். "அவர் கடற்தொழில், அக்கா. செத்துப்போனார்."

அதிகாரி பேனையோடு காத்திருந்தார். அன்ரியின் கழுத்து சிவந்தது. "பிஷர்மன்" என்றார். என் பகிடிக்காக, என்னை யாரென்றே தெரியாத ஒரு மனுசி சத்தியத்தை மீறினார்.

பஸ்ஸில் அண்ணை ஏசுவார் என்று பார்த்தேன். "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கிழமையே நான் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த வருசம் மனைவி வந்து சேர்ந்தார். அண்ணை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். போகாமல் இருக்க எனக்குப் பொய் ஒன்றும் அகப்படவில்லை. கலியாணப் படங்கள் எல்லாம் ஊரோடு போய்விட்டதால், பத்திரத்தின் போட்டோக்கொப்பியை மனைவி வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துக் கடைசி வரி வரை வாசித்திருந்தார். தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"என்ர தமையன் குடிக்கிறவர்தான் தம்பி. ஆனா என்ர கலியாணத்தண்டு அவர் ஒரு துளி தொடேல்லை."

நான் கோப்பையை நீட்டினேன்.

"சீனி போடவோ?" என்று கேட்டார்.